மூன்றாவது பொய் அந்த முகம்தான்
வணக்கம் ஐயா. ஹார்வர்டில் இருக்கும் ஜான் ஹார்வர்டு சிலையை 'மூன்று பொய்ச் சிலை' என்கிறார்களே, இரண்டு பொய் பிடிபட்டது, மூன்றாவது எது என்று கேட்டிருந்தீர்கள்.

பீடத்தில் 'ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638' என்றிருக்கும். கல்லூரி தொடங்கியது 1636இல். தொடங்கியதும் அவரல்ல, மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டமன்றம். நீங்கள் பிடித்த இரண்டும் இவைதான். மூன்றாவது, அந்த முகம். அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் 1884இல் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்ச், ஷெர்மன் ஹோர் என்ற இளைஞரை மாதிரியாக வைத்து வடித்தார்.

ஆனால் 'நிறுவனர்' என்பதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அந்தச் சின்னக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டு 1638இல் இறந்தவர் அவர். மறுவருடமே கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.