கையெழுத்து ரீட்பேக் ஆகாது

கேள்வி: தென்னிந்தியாவில் ஒரு விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கிறேன். 22 வருட சர்வீஸ். போன வருடம் புரமோஷனில் ஒரு வாட்ச்சுக்கு, அதாவது ஒரு ஷிப்ட் குழுவுக்கு, பொறுப்பாளர் ஆனேன். எங்கள் ரேடார் அறைக்குப் புதிய ஆட்டோமேஷன் சிஸ்டம் வருகிறது. இப்போதைக்குப் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. என் வாட்ச்சில் ஒரு சார் இருக்கிறார், 58 வயது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "நான் ரிட்டயர் ஆனப்புறம் இதைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்கிறார். பயிற்சி வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். மேலதிகாரி வாராவாரம் எக்செல் ஷீட்டில் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்று மட்டும் கேட்கிறார். இதற்கிடையில், புதிய திரையில் இரண்டு விமானங்கள் நெருங்கி வரும்போது சில சமயம் விமானத்தின் பெயரையும் உயரத்தையும் காட்டும் லேபிள் மறைந்துவிட்டுத் திரும்ப வருகிறது. இரண்டு முறை ஸ்னாக் (கோளாறுப் புகார்) எழுதினேன். 'சரிபார்த்தோம், நன்றாக இருக்கிறது' என்று வந்தது. மூன்றாவது முறை எழுதினால் 'இந்தம்மாவுக்கு மாற்றமே பிடிக்காது' என்பார்கள். சாரிடம் எப்படிப் பேசுவது? நான் யார் பக்கம் நிற்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான் விமானத் துறைக்காரன் இல்லை. 34 வருடம் வேறொரு அரசு அலுவலகத்தில் இருந்தவன். அங்கே கணினி வந்தபோது பிரிவுத் தலைவராக இருந்தேன். அதனால் உங்கள் மேலதிகாரியின் எக்செல் ஷீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் பிரிவில் 19 பேருக்கும் நேராக 'பயிற்சி முடிந்தது' என்று டிக் அடித்து அனுப்பியவன் நான்தான். அதில் பாதிப் பேர் விசைப்பலகையைத் தொட்டதுகூட இல்லை. திங்கட்கிழமை கவுன்டரைத் திறந்ததும் வரிசை தெருவரைக்கும் போனது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு விலை நாலு நாள் கூச்சலும் ஒரு மெமோவும். உங்கள் அறையில் விலை அவ்வளவோடு நிற்காது என்பதால்தான் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

உங்கள் வேலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நீங்கள் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், அதுதான் ரீட்பேக். திரும்பச் சொன்னது சரியா என்று நீங்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். வானொலியில் இவ்வளவு கறாராக இருக்கும் நீங்கள், தலையில் இருக்கும் ஹெட்செட்டைக் கழற்றியதும் சுற்றறிக்கையில் 'பார்த்தேன்' என்று போடும் கையெழுத்தை நம்பிவிடுகிறீர்கள். நீங்கள் என்றால் நீங்கள் மட்டுமல்ல, நிர்வாகம் முழுக்கவும்தான். கையெழுத்து ரீட்பேக் ஆகுமா?

இதை உங்கள் சாரை வைத்தே சொல்கிறேன். 1996 நவம்பர் 12 அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அவர் வேலையில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருக்கும். டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானமும், இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதி 349 பேர் இறந்தார்கள். ஒன்றுக்கு 14,000 அடி, மற்றொன்றுக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டு அறை சரியாகத்தான் சொல்லியிருந்தது. கஜகஸ்தான் விமானத்திலிருந்து பதிலும் வந்தது. ஆனால் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. உயரம் காட்டும் கருவியைப் பார்க்க அவர் அவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டது ஓட்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. விமானம் 15,000-க்குக் கீழே வந்துவிட்டது. அன்று டெல்லியில் இருந்த ரேடாரில் உயரம் தெரியாது, புள்ளிதான் தெரியும். உயரத்தைக் காட்டும் புதிய ரேடார் நிறுவப்பட்டுக்கொண்டிருந்ததே தவிர பயன்பாட்டுக்கு வரவில்லை.

நவீனமயம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதனால் புதிய சிஸ்டம் வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் சாரும் தனிமையில் கேட்டால் இதை ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு வலிப்பது வேறு இடத்தில்.

அவர் பழகியது ஸ்ட்ரிப்பில். ஒரு விமானத்துக்கு ஒரு காகிதத் துண்டு, பிளாஸ்டிக் ஹோல்டரில் செருகி வரிசையாக அடுக்கியிருக்கும். உயரம் மாறினால் பழைய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எந்த விமானத்தில் சிக்கல் காத்திருக்கிறதோ அதன் ஸ்ட்ரிப்பை வரிசையிலிருந்து கொஞ்சம் சாய்த்து வெளியே தள்ளி வைப்பார்கள். பக்கத்தில் டீயோடு வந்து நிற்பவர்கூட ஒரு பார்வையில் 'இங்கே ஏதோ இருக்கு' என்று கண்டுபிடித்துவிடலாம். புதிய திரையில் அதற்குப் பதில் லேபிள் நிறம் மாறும். அது நல்லதுதான், ஆனால் கை எழுதும்போது மூளையில் பதிகிறதே, அது போய்விடும். முப்பது வருடம் கையால் நினைவு வைத்த மனிதர், 58 வயதில் தன் மாணவி முன்னால் மறுபடி ட்ரெயினியாக உட்காருகிறார். கையைக் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்?

ஆகவே அவரிடம் 'கத்துக்கோங்க சார்' என்று போகாதீர்கள். பிள்ளைகள் முன்னால் போகவே கூடாது, நைட் வாட்ச் முடிந்து கண் எரியும் நேரத்திலும் வேண்டாம். மதிய வாட்ச் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய், "சார், இந்தத் திரையில உங்களுக்கு எங்கெல்லாம் இடிக்குதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க. நான் எழுதின ஸ்னாக்கை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு உங்க கண்ணு வேணும்" என்று கேளுங்கள். குறை சொல்பவரிடம் குறையையே வேலையாகக் கொடுப்பது தந்திரம் இல்லை. அந்த அறையில் லேபிள் மறைந்த கணத்தில் எந்த விமானம் எங்கே, எந்த உயரத்தில் என்று திரையைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர்தானே?

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். புதிய சிஸ்டத்தில் தேறாவிட்டால் அந்த கன்சோலில் (கட்டுப்பாட்டு மேசையில்) அவரை உட்காரவைக்க உங்களால் முடியாது, குரு என்றாலும் முடியாது. கஷ்டமான வாக்கியம்தான். சுற்றி வளைத்தால்தான் அவருக்கு அவமானம், நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

சிரிக்கும் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். சிமுலேட்டரில் ஒரு மதியம் கேட்டு வாங்குங்கள். போக்குவரத்து நிறைய இருக்கும் பயிற்சியின் நடுவில் திரையை அணைக்கச் சொல்லுங்கள். நடத்துபவர் சார். பிறகு யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. வகுப்பில் படித்த புரொசீஜரல் கன்ட்ரோல், அதாவது ரேடார் இல்லாமல் விமானங்களைப் பிரித்து வைக்கும் முறை, கைக்கு வருகிறதா என்று அவர்களுக்கே தெரியட்டும்.

சரி, இனி ஸ்னாக். உங்கள் கடிதத்தில் இதுதான் பெரிய விஷயம். நீங்கள் அதை நடுவில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள்.

2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்ததை உங்கள் வாட்ச்சில் எல்லோரும் படிக்க வேண்டும். ஒரே ஒரு விமானத்தின் பயணத் திட்டம். அதில் இரண்டு இடங்களுக்கு ஒரே சுருக்கப்பெயர், ஒன்று பிரான்சில், ஒன்று அமெரிக்காவில். குழம்பிப்போன போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினி வேலையை எடுத்துக்கொண்டது, அதே திட்டத்தைப் படித்தது, அதுவும் நின்றது. இரண்டிலும் ஒரே மென்பொருள், பிறகு வேறெப்படி ஆகும்? எல்லாம் 20 விநாடிக்குள். அன்று விடுமுறை நாள். மூத்த பொறியாளர் வீட்டிலிருந்து சரிசெய்யப் பார்த்து முடியாமல், நேரில் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள்.

இதைவிடப் பக்கத்தில், 2025 நவம்பரில் டெல்லி. பயணத் திட்டங்களை அனுப்பிவைக்கும் செய்தி சிஸ்டம் படுத்ததும் உங்கள் சக ஊழியர்கள் அந்த வேலையைக் கையால் செய்தார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. தாமதமானதோடு போனதே, அது அந்தக் கைகளால்.

உங்கள் ஸ்னாக் ஏன் திரும்பி வந்தது? நீங்கள் 'லேபிள் சில சமயம் மறைகிறது' என்றுதான் எழுதியிருப்பீர்கள், எனக்கு எழுதியது போலவே. ரேடார், ரேடியோ கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சி.என்.எஸ். பொறியாளர் தனக்கு நேரம் கிடைத்தபோது வந்து பார்த்திருப்பார். நேரம் கிடைப்பது போக்குவரத்து குறைந்த வேளையில்தான். அப்போது நெருங்கி வர இரண்டு விமானங்களுக்கு எங்கே போவது? அவர் எழுதியது பொய்யில்லை. மூன்றாவது முறை எழுதும்போது தேதி, நேரம் நிமிடம் வரை, இரண்டு விமானங்களின் கால்சைன் (வானொலியில் அழைக்கும் பெயர்), எந்த செக்டர் (வான்பகுதி), திரையில் என்ன தெரிந்தது, பழைய திரையில் அதே நேரத்தில் என்ன தெரிந்தது, எத்தனை விநாடி என்று எழுதுங்கள். அந்தப் பொறியாளரை நெரிசல் நேரத்தில் உங்கள் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிடுங்கள், கடிதம் போட்டு அல்ல, போன் பண்ணி. உங்கள் இரு பிரிவுக்கும் நடுவில் பழைய உரசல் எதுவும் இருக்கலாம், எந்த அலுவலகத்தில் இல்லை? சேர்ந்து ஒரு டீ குடித்தால் பாதி குறையும்.

இப்படி எழுதிய ஸ்னாக்கை 'மாற்றம் பிடிக்காதவர்' என்று ஒதுக்குவது கஷ்டம். அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும், பதில் எழுதியவர் கையெழுத்தும் போட வேண்டும். அப்படியும் திரும்பி வந்தால், தன்னார்வப் பாதுகாப்பு அறிக்கை என்ற வழி இருக்கிறது. உங்கள் நிர்வாகத்திலும் உண்டு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.விலும் உண்டு. அதைப் பயன்படுத்துவது காட்டிக்கொடுப்பது ஆகாது.

மேலதிகாரியோடு சண்டை வேண்டாம். அவருக்கும் மேலே ஒரு எக்செல் ஷீட் இருக்கும். அவருடைய பட்டியலிலேயே இரண்டு நெடுவரிசை கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள்: 'மேற்பார்வை இல்லாமல் தனியாக கன்சோல் நடத்திக் காட்டியவர்', 'திரை இல்லாத பயிற்சி செய்தவர்'. முதல் வாரம் இரண்டிலும் பூஜ்யமாகத்தான் இருக்கும், அப்படியே அனுப்புங்கள். நைட் முடித்தவரை அதே பகலில் வகுப்புக்கு அழைக்கும் ரோஸ்டர் இருந்தால் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பணிநேர வரம்பு விதி இருப்பதே அதற்குத்தான். தூங்கி விழுபவருக்கு நடத்தும் வகுப்பு நான் டிக் அடித்த ரகம்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த லேபிள் மறையும் நேரத்தில் கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் பக்கம். இன்றைக்கு அது சாராக இருக்கலாம், நாளைக்குச் சிரிக்கிற பிள்ளையாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. ரேடார், பேச்சுப் பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்குமேல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் இரண்டாவது ஸ்னாக்கின் தேதியையும் கடிதத்தின் தேதியையும் பார்த்தேன், 18 நாள் ஓடிவிட்டது. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பதிவு அழிந்துவிடும் என்பதால், 'அந்த நாள் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கொடுங்கள்' என்று மட்டும் நேற்றிரவே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பார்த்ததும் 'கிடைத்தது' என்று போட வேண்டாம். யாரிடம், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று திருப்பி எழுதுங்கள்.