ஐம்பதும் இருபதும் எழுபதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. சதவீதக் கணக்கில் முழு மார்க் வாங்குவாள். ஆடித் தள்ளுபடியில் ஆயிரம் ரூபாய் சுடிதாருக்கு '50% + 20%' என்று போட்டிருந்தார்கள். "முந்நூறுதாம்மா" என்றாள். பில் நானூறு வந்தது. கவுண்ட்டரில் சண்டைக்கே போய்விட்டாள். எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சண்டை போட்டாளே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். பில்லைப் பார்க்காமலே மடித்துப் பையில் போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஆனால் கடைக்காரர் கணக்கு சரிதான். பாதி போனால் ஐந்நூறு. அடுத்த 20% அந்த ஐந்நூற்றில்தான், நூறு ரூபாய். ஆக மொத்தத் தள்ளுபடி 60%. '640-இல் 15% காண்க' என்று புத்தகம் கேட்கும்போது, எதில் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. கடைப் பலகை சொல்லாது.

நான் வாத்தியாராக இருந்தபோது ஒருநாள், "பேங்க் நகைக்கடன் ஒன்பது சதவீதம், அடகுக்கடையில் ரெண்டு வட்டி. எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். "அடகுக்கடை சார்!" என்று வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், "ரெண்டு வட்டின்னா மாசத்துக்கு சார். அம்மா தோடு அங்கதான் இருக்கு" என்றான். மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு இருபத்துநான்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு பேங்கில் 900, அங்கே 2,400. கணக்குப் பரீட்சையில் முப்பத்தைந்தைத் தொடவே திணறுகிற பையன் அவன். அன்றைக்கு பாடம் நடத்தியது அவன்தான்.

அதனால் சூத்திரத்தை ஒரு மாதம் மூட்டை கட்டி வையுங்கள். ஓட்டலில் சாப்பிட்டதும் பில்லை அவளிடம் நீட்டுங்கள். சாப்பாடு 480 ரூபாய் என்றால் 10% எவ்வளவு? 48. அதில் பாதி 24, அது 5%. இன்னும் பாதி 12. பில்லின் அடியில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டரை இரண்டரையாக வருவது அந்த 12-தான். பேனா வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

அது பழகியதும் நகைக்கடை பில். தங்கம் 80,000 ரூபாய், சேதாரம் 10%, அப்புறம் ஜி.எஸ்.டி. 3%. பத்தையும் மூன்றையும் கூட்டி 90,400 என்பாள், பாருங்கள். பில் 90,640 என்று வரும். அந்த 240 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.