நகவெட்டியைக் கண்டால் ஓடும் நாய்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் நாய் வளர்ப்போரிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: தொட விடமாட்டேன் என்கிறது, டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறது. அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. மற்ற நேரத்தில் பரம சாது. நகவெட்டியை எடுத்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மூன்று பேர் அமுக்கிப் பிடித்தால்தான் நாலு நகமாவது வெட்ட முடிகிறது. போன தடவை ரத்தமே வந்துவிட்டது. எல்லாம் கறுப்பு நகம். என்ன செய்வது?
— வாசகி, திருநெல்வேலி

முதலில் அமுக்கிப் பிடிப்பதை நிறுத்துங்கள். பிடித்து வெட்டினால் அன்றைக்கு நாலு நகம் குறையும், அடுத்த முறைக்கான பயம் கூடும். சாதுவான நாய் ஒருநாள் கடிப்பதும் இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்து, நகவெட்டியைப் பாருங்கள். மழுங்கிய நகவெட்டி வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும். ரத்தம் வராவிட்டாலும் அது வலிக்கும். லாப்ரடார் அளவு நாய்க்குக் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு அலகு உள்ளதை வாங்குங்கள்.

பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: முதலில் தொடுதல், அதன் பிறகு தீனி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு கையில் சிக்கனைக் காட்டி, நாய் அதைப் பார்க்கும்போது மறு கையால் காலைப் பிடிக்கிறார்கள். நாலு தடவை இப்படி நடந்தால் சிக்கனைக் கண்டாலே நாய் காலை இழுத்துக்கொள்ளும். உங்கள் கை முதலில் காலில் படட்டும். பட்டதும் தீனி வரட்டும். கையை எடுத்தால் தீனியும் நிற்கட்டும்.

தீனி என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கோழி, ஈரல் அல்லது பனீர், பட்டாணி அளவுத் துண்டுகளாக. வேகவைக்கும்போது வெங்காயம் சேர்க்கக் கூடாது, அது நாய்க்கு நஞ்சு. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், பத்துப் பன்னிரண்டு துண்டு போதும். அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். நாய் அதைப் பார்த்தால் தீனி. அதற்குப் பக்கத்தில் இயல்பாக வந்து போகும்வரை அதோடு நிறுத்துங்கள். அடுத்த சில நாள், நகவெட்டி இல்லாமல் தோளைத் தொடுவது, தோளிலிருந்து முழங்கால் வரை கையை இறக்குவது, பாதத்தை ஒரு விநாடி ஏந்துவது, ஒரு விரலை மெதுவாக அழுத்துவது என்று போங்கள். காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். அது மடங்குகிற திசையிலேயே, உடம்புக்கு அடியிலேயே தூக்குங்கள். நாய் திமிறுவதற்குப் பாதிக் காரணம் மூட்டு முறுக்கிக்கொள்வதுதான்.

பிறகு நகவெட்டி நகத்தில் சும்மா படட்டும். அந்த ‘டக்’ சத்தத்துக்கும் நாய் பயப்படும் என்பதால் அதைத் தனியாகப் பழக்க வேண்டும். தென்னந்துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை உருவி, நாய்க்குச் சற்றுத் தள்ளி நகவெட்டியால் நறுக்குங்கள். ஒரு நறுக்குக்கு ஒரு துண்டு. நாளாக ஆகப் பாதத்துக்குப் பக்கத்தில் நறுக்குங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் நிஜ நகம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்று. நாய்க்குப் பொதுவாக 18 நகம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அதற்குள் முதல் நகம் மறுபடி வளர்ந்திருக்கும், இப்படியே தொடரலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் மட்டும் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். வறண்டு வெளுப்பாக இருந்தால் இன்னும் இடமிருக்கிறது. நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள். தப்பிப்போய் ரத்தம் வந்தால் சோள மாவை அப்பி, விரலால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கால் மணி நேரமாகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம் வெட்டவே வேண்டாம். பாதத்தை ஏந்துகிற படிக்குத் திரும்புங்கள்.

இதற்கெல்லாம் ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை நகம் வளர்ந்து டைல்ஸ் தரையில் வழுக்குமே என்றால், இன்னொரு வழி உண்டு. ஒன்றரை அடி நீளப் பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தாளுக்கு அடியில் தீனியை மறைப்பதுபோல் காட்டினால் பெரும்பாலான நாய்கள் முன்காலால் பிறாண்டும். பிறாண்டியதும் தீனி கொடுங்கள். நகம் தானே தேயும், யாரும் காலைப் பிடிக்க வேண்டியதில்லை. முன்காலின் உட்பக்கம் மேலே தனியாக இருக்கும் நகம் மட்டும் தரையிலும் படாது, பலகையிலும் படாது. அது வளைந்து தோலுக்குள் குத்திக்கொள்ளும், அதை மறக்காதீர்கள்.

மழையில் போய்விட்டு வந்தால் காலைத் துடைக்க விடாமல் உறுமுகிறது. உறுமும்போது ஒரு அடி வைத்தால்தான் அடங்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சரியா?
— வாசகர், கும்பகோணம்

சரியில்லை. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் தருகிற எச்சரிக்கை. அடித்தால் உறுமல்தான் நிற்கும், வெறுப்பு நிற்காது. பிறகு ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். உறுமினால் கையை எடுத்துவிடுங்கள்.

உறுமலுக்கும் முன்பே சில அடையாளங்கள் வரும்: முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணோரத்தில் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்படியே உறைந்து நிற்பது. உறைந்து நிற்பதை ‘சமர்த்தாக நிற்கிறான்’ என்று நினைத்து மேலே தொடர்வதில்தான் நிறைய கடி விழுகிறது.

நேற்று வரை துடைக்க விட்ட நாய் இன்று விடவில்லை என்றால் வலியைச் சந்தேகியுங்கள். விரலிடுக்கில் முள், வெடிப்பு, ஈரப் புண் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். அதுவரை வாசலில் ஒரு தட்டையான தட்டில் இரண்டு அங்குலத் தண்ணீரும், அடுத்து ஒரு பழைய துண்டும் போட்டு நடக்க விடுங்கள்.

மருத்துவமனை கேட் தெரிந்ததுமே ஆட்டோவை விட்டு இறங்க மறுக்கிறாள். உள்ளே போனால் நடுக்கம், எச்சில் வடிகிறது. தடுப்பூசி போடும் நாள் வந்தால் எங்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. தூக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போகலாமா?
— வாசகி, தாம்பரம்

மாத்திரையைப் பிறகு பார்க்கலாம். அவள் வாழ்க்கையில் ஆட்டோ ஏறியதே ஊசிக்காக மட்டும்தானா என்று யோசியுங்கள். அப்படியானால் பயம் கேட்டில் தொடங்கவில்லை, வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆட்டோவில் ஏறி இரண்டு தெரு சுற்றி, மைதானத்தில் ஓட விட்டுத் திரும்புங்கள். இதைப் பல முறை செய்யுங்கள்.

அடுத்தது, வேலை எதுவும் இல்லாமல் மருத்துவமனைக்குப் போவது. கூட்டம் இல்லாத நேரம் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் கேட் வரை, கேட்டில் நாலு துண்டு ஈரல், அவ்வளவுதான். இன்னொரு நாள் உள்ளே போய் எடை மேடையில் ஏறி இறங்கட்டும். மற்றொரு நாள் கம்பவுண்டர் கையால் ஒரு துண்டு. எந்த இடத்தில் அவளுக்குப் பிடித்த தீனியையே வாங்க மறுக்கிறாளோ, அந்த இடம் இன்றைக்கு அதிகம் என்று அர்த்தம். பத்தடி பின்னால் வந்து, அங்கே அவள் சாப்பிட்டால் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் பழக்க வேண்டியவை வேறு. கழுத்துக்குப் பின்னால் தோலை லேசாகக் கிள்ளித் தூக்கி, மூடிய பேனா முனையால் ஒரு விநாடி அழுத்தித் தீனி கொடுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தூரத்தில் வைத்து அந்த வாசனைக்கும் தீனி. மார்பில் ஒரு எவர்சில்வர் மூடியை வைத்து எடுத்தால் ஸ்டெதாஸ்கோப் பழகும். உடல் வெப்பத்தை ஆசனவாயில்தான் பார்ப்பார்கள் என்பதால் வாலைத் தூக்கவும் பழக்குங்கள்.

போகும் நாளில் வயிறு நிறைய கொடுக்காதீர்கள். ஒரு ரப்பர் பாயோ சுத்தமான சாக்கோ கையில் இருக்கட்டும். எவர்சில்வர் மேஜையில் கால் வழுக்குவதே பல நாய்களுக்கு ஊசியைவிடப் பெரிய பயம். பாயை விரித்தால் அது குறையும். தரையிலேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், தவறில்லை. டோக்கன் வாங்கிவிட்டு மர நிழலில் காத்திருந்து, முறை வந்ததும் நேராக உள்ளே போங்கள். டாக்டர் தொடத் தொடங்கியதும் கெட்டித் தயிர் தடவிய தட்டை முகத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி எடுக்கும்வரை நக்கிக்கொண்டே இருக்கட்டும்.

இத்தனைக்கும் நடுக்கம் குறையவில்லை என்றால் மருந்து நல்ல வழிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தைக் குறைக்க, போவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு கொடுக்கும் காபாபென்டின், ட்ரசோடோன் போன்றவற்றை டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவார். எப்படி வேலை செய்கிறது என்று முன்பே ஒருநாள் வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. அசிப்ரோமசின் என்ற மயக்க மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்புதான் தளரும், பயம் அப்படியே இருக்கும். அதையும் டாக்டரிடம் பேசுங்கள்.

காக்கர் ஸ்பானியலுக்கு அடிக்கடி காது நாறுகிறது. மருந்து விட்டால் தலையை ஆட்டி ஓடிவிடுகிறது.
— வாசகர், கோவை

நாற்றமும் பழுப்பு அழுக்கும் இருந்தால் அங்கே தொற்றும் வலியும் இருக்கிறது. வலிக்கிற காதில் பயிற்சி செய்யாதீர்கள். முதலில் டாக்டர் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மருந்து தரட்டும். ஆறிய பிறகு பழக்குங்கள்.

ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, நாய் தாடையை அதன்மேல் வைத்தால் தீனி கொடுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்கப் பழகியதும் காது மடலைத் தொடுங்கள், பிறகு தூக்குங்கள், பிறகு காலி பாட்டிலைக் காதருகே கொண்டுபோங்கள். தாடையை எடுத்தால் நீங்களும் கையை எடுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல நாய்க்கு இப்படி ஒரு வழி இருந்தால் அது சீக்கிரம் திரும்பி வந்து தாடையை வைக்கும். இதை நம்ப மறுப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கலாம்.

மருந்து பாட்டிலை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே திரும்புவதால், விட்டபிறகு காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைய வேண்டும். பிறகு தலையை ஆட்ட விடுங்கள், வெளியே வருவதைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும்.

டாக்டர் வாய்க்கூடை போட்டுக் கூட்டிவரச் சொல்கிறார். பாவமாக இருக்கிறது.
— வாசகி, மதுரை

கூடை பாவமில்லை, பழக்காமல் மாட்டுவதுதான் பாவம். வாயை இறுக்கி மூடுகிற நைலான் உறையை வாங்காதீர்கள். நாய் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வாய் திறக்க முடியாத உறை நம் வெயிலில் சில நிமிடத்துக்கு மேல் ஆபத்து. வாய் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள, வலை போன்ற கூடை வாங்குங்கள். மூக்கு நுனி முதல் கண்ணுக்குச் சற்றுக் கீழ் வரை நீளத்தையும், வாயின் சுற்றளவையும் அளந்துகொண்டு போங்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குத் தனி வடிவம் உண்டு.

கூடையைக் கிண்ணம்போல் ஏந்தி, அதற்குள் தீனியைப் போட்டுக் காட்டுங்கள். நாயே மூக்கை விட்டு எடுக்கட்டும், நீங்கள் முகத்தில் மாட்டாதீர்கள். ஐந்து விநாடி மூக்கை உள்ளே வைத்திருந்தால் கூடையின் வாரை மாட்டுங்கள், பிறகு அரை நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். காலால் தள்ளத் தொடங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். பழகியபின் நடைக்கும் விளையாட்டுக்கும் போடுங்கள். ஊசி நாளில் மட்டும் வெளியே எடுத்தால் கூடையே ஊசிக்கு அறிகுறியாகிவிடும்.

பொமரேனியனுக்கு வெயில் காலத்தில் மொட்டை அடிக்கலாமா? சீவவே விடவில்லை.
— வாசகர், திருச்சி

வேண்டாம். வெளியே நீள முடி, அடியில் மென்முடி என்று இருக்கும் இரட்டை ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. இந்த இனத்தில் மழித்த இடத்தில் ரோமம் திட்டுத்திட்டாக வளர்வதும், நெடுநாள் வளராமலே போவதும் உண்டு. சீவ விடாததற்குக் காரணம் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு இருப்பதாக இருக்கலாம். சிக்கின் வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பை விடுங்கள்; அப்போது தோல் இழுபடாது. கத்தரிக்கோலால் வெட்டினால் சிக்கோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கெடுங்கள், நனைந்தால் இறுகிவிடும்.

தெருவில் இருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய், ஒன்றரை வயது. பக்கத்தில் படுக்கும், ஆனால் கை வைத்தால் விலகும். உடம்பெல்லாம் உண்ணி. எப்படி எடுப்பது?
— வாசகர், விழுப்புரம்

உண்ணியைக் கையால் எடுத்துத்தான் தீர வேண்டும் என்றில்லை. மென்று தின்னும் உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன. சிலது ஒரு மாதம், சிலது மூன்று மாதம் வேலை செய்யும். டாக்டர் எடை பார்த்துத் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தொட விடாத நாய்க்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. வீட்டுச் சுவர் இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள், உண்ணி முட்டையிடுவது அங்கேதான். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

தொடுவதற்கு, பக்கவாட்டில் உட்கார்ந்து கையைக் கீழே வைத்திருங்கள். அது வந்து மோந்தால் தலைக்கு மேல் கை கொண்டுபோகாமல் மார்பில் மூன்று விநாடி தடவி நிறுத்துங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னொரு மூன்று விநாடி. விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். காது, கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு எல்லாம் கடைசியில். அந்த நிலை வந்தபின் உண்ணி தென்பட்டால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் வேண்டாம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அது. பழக்கும்போது பல் பட்டுக் கீறினால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையிலேயே ஊசி போடுவார்கள்.