தாளவாத்தியமும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த தனி வாசிப்பு எனக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கிறது. நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பதை விடுங்கள். காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கம் தவிலும் கஞ்சிராவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான், கை தானாகத் தொடைக்குப் போய்விடும், சமம் (தாளச் சுற்று தொடங்கும் இடம்) எங்கே, கோர்வை (முத்தாய்ப்பாக வரும் அடிக்கோவை) எப்போது விழும் என்று காது தேட ஆரம்பித்துவிடும். இந்த இசையில் பல நேரம் அப்படி எதுவும் விழாது.

அடி விழுந்த பிறகு அந்த ஒலிக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கஞ்சிராத் தோலில் தண்ணீர் தடவி, இடது கை விரலால் விளிம்போரமாக அழுத்தி நாதத்தை வளைப்பார்களே, அதை ரசிக்கத் தெரிந்தவருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1988-ல் எழுதிய ஒரு படைப்பில் இருப்பது ஒரே ஒரு ட்ரையாங்கிளும், அதாவது முக்கோணமாக வளைத்த உலோகக் கம்பியும், மைக்கும்தான். தட்டிக்கொண்டே இருப்பார்கள், விரலால் பிடிக்கும் இடம், அழுத்தம், வேகம் மட்டும் மெல்ல மெல்ல மாறும். சும்மா கேட்டால் சலிக்கும். காதைக் கொடுத்துக் கேட்டால் ஒரு கம்பிக்குள் இத்தனை சுரம் இருக்கிறதா என்று தோன்றும்.

அப்புறம் என் அளவுகோல்: எலெக்ட்ரானிக்ஸை எடுத்துவிட்டால் என்ன குறையும்? மெக்சிகோ இசையமைப்பாளர் ஹாவியர் அல்வாரெஸின் 'தெமாஸ்கல்' (1984) கேளுங்கள். கையில் ஒரு ஜோடி மராக்காஸ், அதாவது பிடி வைத்த கிலுக்கு, கூடவே முன்கூட்டியே செய்துவைத்த ஒலிப்பதிவு. பதிவு யாருக்காகவும் நிற்காது, வாசிப்பவர்தான் அதற்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும். எது கை, எது ஸ்பீக்கர் என்று குழம்பும் இடங்கள்தான் அதன் உயிர், கடைசியில் ஒரு நாட்டுப்புற ஹார்ப் (யாழ் மாதிரி நரம்பு வாத்தியம்) இசை மேலே வரும்போது அதுவரை கேட்ட கிலுக்குக்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இதில் எதையும் பிரிக்க முடியாது.

எதிரொலியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டு போஜன ஹாலில் இப்படி ஒரு கச்சேரி கேட்டேன். ஆத்தங்குடிக் கல் தரை, பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், அங்கே கரண்டியைத் தட்டினாலும் கம்பீரமாகத்தான் இருக்கும்! அதன்மேல் வாசித்தவர் மெஷினிலும் எதிரொலியைக் கூட்டி வைத்திருந்தார், எல்லா அடியும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அதனால் ஹெட்ஃபோனில் கேளுங்கள் (போன் ஸ்பீக்கர் வேண்டாம், கீழ்ஸ்தாயி மொத்தமாகப் போய்விடும்).

லூப் போடுபவர்கள், அதாவது வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடுபவர்கள், விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது யாருக்கும் வரும், அதில் வரும் பிரம்மாண்டம் சுலபமான பிரம்மாண்டம். அடுக்கியதை எப்படிக் கலைக்கிறார் என்று கவனியுங்கள். சத்தத்தை மெதுவாகக் குறைத்து எழுந்து போய்விட்டால் அவருக்கு வழி தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், இரண்டாம் முறை அதைக் கேட்க மாட்டேன்.