ஆறு மாதத் திட்டத்துக்குத் தாக்க மதிப்பீடா?

வணக்கம். பணியாளர்கள் சிறு குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திக்கும் உங்கள் வீட்டுச் சந்திப்புத் திட்டம் தொடங்கி ஆறே மாதம், அதற்குள் நிதி தருபவர்கள் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் உண்மையில் மாற்றம் வந்ததா என்ற அளவீடு, கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். திட்டம் மதிப்பீட்டுக்குத் தயாரா என்று முன்கூட்டியே சோதிக்கும் முறையை 1970களிலேயே அமெரிக்க மதிப்பீட்டு நிபுணர் ஜோசப் ஹோலி வகுத்துவிட்டார்.

முதலில் களத்துக்குப் போங்கள். தாளில் உள்ளபடி சந்திப்புகள் நடக்கின்றனவா? மேலாளர், பணியாளர், பெற்றோர் மூவரிடமும் ‘இதனால் குழந்தையிடம் என்ன மாறும்?’ என்று தனித்தனியே கேளுங்கள். மூன்று விதமாகப் பதில் வந்தால், எதை அளப்பது என்பதே இன்னும் முடிவாகவில்லை. பலரும் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள். நடைமுறை நிலைபெறாத திட்டத்தை அளந்தால் ‘பலனில்லை’ என்றே வரும். நல்ல முயற்சி அநியாயமாக நின்றுபோகும்.

இன்னொன்று: மூன்று வயதுக் குழந்தை திட்டம் இல்லாமலும் வளரும். ஒப்பீட்டுக் குழு (திட்டத்தில் சேராத, அதே போன்ற குழந்தைகள்) இல்லாத முன்-பின் அளவீடு எதையும் நிரூபிக்காது. இந்த ஆண்டு செயல்முறை மதிப்பீடு, அதாவது திட்டம் திட்டமிட்டபடி நடக்கிறதா என்ற சோதனை, மட்டும் போதுமா என்று நிதி தருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.