ஒலிக் குளியலுக்குப் போகலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வேலை நெருக்கடியால் மூன்று மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, நெஞ்சை எதுவோ அழுத்துவது போலவே இருக்கிறது. பதற்றத்துக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஆறு வாரங்களாகச் சாப்பிடுகிறேன். நண்பர் ஒருவர் 'சவுண்ட் பாத்' எனப்படும் ஒலிக் குளியலுக்கு அழைத்துப் போனார். படுக்க வைத்து, வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ஒலி எழுப்பிக் கேட்க வைத்தார்கள். அன்று மனம் மிகவும் லேசானது. பன்னிரண்டு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினால் நான்காவது அமர்விலிருந்து மாத்திரையே தேவைப்படாது என்கிறார்கள். வலது காதில் சில வாரங்களாக மெல்லிய இரைச்சலும் இருக்கிறது. சேரலாமா?

மனநல மருத்துவரின் பதில்: அன்று உங்கள் மனம் லேசானது உண்மை, அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் மனம் லேசாவதும், மூன்று மாதமாகக் கெட்டுப்போன தூக்கம் குணமாவதும் வேறு வேறு. முதலாவதை உங்களுக்குக் காட்டிவிட்டு இரண்டாவதற்குப் பணம் கேட்கிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

அந்த அறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கைபேசியை அணைத்துவிட்டு, கண்ணை மூடி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் எதுவும் கேட்காத நிலையில் படுத்திருந்தீர்கள். மூன்று மாதங்களில் அப்படி எத்தனை முறை படுத்திருப்பீர்கள்? வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டினால் எழும் ஒலி ஒரே சீராக இருப்பதில்லை. விளிம்பு முழு வட்டமாக இல்லாததால் மிக நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தே ஒலிக்கின்றன. அவை ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் கொள்வதால் ஒலி அலை அலையாக ஏறி இறங்கி, அரை நிமிடத்துக்கு மேலும் நீண்டு தேய்கிறது. அதில் பாட்டு இல்லை, சொல் இல்லை, அடுத்து என்ன வரும் என்று மனம் காத்திருக்கவும் ஒன்றுமில்லை. தேய்கிற ஒலியின் பின்னாலேயே கவனம் போகிறது, மூச்சு தானாக நிதானப்படுகிறது, அதனுடன் நாடித்துடிப்பும் இறங்குகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. இதைச் சிறிய நன்மை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தளர்வுப் பயிற்சிக்கு முன் 12 நிமிடம் கிண்ண ஒலி கேட்டபோது, அதே அளவு நேரம் வெறும் அமைதியில் இருந்தபோது இறங்கியதை விட மேல் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சற்று அதிகமாக இறங்கின. அதில் கலந்துகொண்டவர்கள் 51 பேர். 2017-இல் வெளியான இன்னொன்றில் 62 பேருக்குப் பதற்றமும் சோர்வும் கோபமும் குறைந்தன. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால், குறைத்தது ஒலியா ஓய்வா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் அமர்வுக்கு முன்னும் பின்னும் அளந்தவை. மாதக்கணக்கில் பலன் நீடித்ததாகக் காட்டியவை அல்ல.

இந்தச் சிறிய உண்மையின் மேல்தான் பெரிய வியாபாரம் கட்டப்பட்டிருக்கிறது. 528 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 528 முறை அதிரும் ஒலி, மரபணுவைச் சீர்செய்யும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. 432 ஹெர்ட்ஸ் இயற்கையின் சுருதி, 440 உடலுக்குக் கேடு என்பதும் அப்படியே. 440 என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்காக மனிதர்கள் பேசி முடிவுசெய்த அளவுதான். கிண்ணத்தில் ஏழு உலோகங்கள் கலந்திருப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். பெரும்பாலும் அது செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமே. பழங்கால ஞானம் என்று காட்டப்படும் வெள்ளைப் படிகக் கிண்ணமோ, கணினிச் சில்லுக்கான சிலிக்கானை உருக்கும் குவார்ட்ஸ் கொப்பரையிலிருந்து வந்தது.

கிண்ணம் வாசிப்பவரை விட, அவரிடம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'நல்வாழ்வு ஆலோசகர்' என்ற பெயரில் பேசுபவருக்கு நீங்கள் கட்டும் பேக்கேஜில் கமிஷன் இருக்கக்கூடும். முன்பணம் கேட்பதும், 'இன்று கட்டினால் சலுகை' என்பதும் அதனால்தான். வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனவர் திங்கட்கிழமை 'ஒலி சிகிச்சையாளர்' ஆகிவிட முடிகிறது. மருந்துக் கடைக்கு உரிமம் கேட்கும் அமைப்பு இவர்களிடம் எதையும் கேட்பதில்லை என்பது எனக்குப் பல வருட ஆற்றாமை. எங்கள் பக்கமும் குற்றம் இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இலேயே வழிகாட்டியது. ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் இடத்தில் அதை யார் சொல்லித் தருகிறார்கள்? உட்கார வைத்துக் கேட்க ஆளில்லாதபோது மக்கள் கிண்ணத்தைத் தேடிப் போகத்தான் செய்வார்கள்.

உங்கள் காதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மெல்லிய ஒலி கேட்கும்போது காதிரைச்சல் மறைந்தது போலத் தோன்றும். அமர்வில் உங்களுக்கும் அப்படி இருந்திருக்கலாம். அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தகைய அமர்வுகளில் அடிக்கும் 'காங்' எனப்படும் பெரிய உலோகத் தட்டை அருகிலிருந்து ஓங்கி அடித்தால் 100 டெசிபலையும் தாண்டக்கூடும். அந்த அளவு ஒலியை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. தலைமாட்டில் ஒரு முழ தூரத்தில் காங் அடிக்கப் படுத்திருந்த ஒருவர், இருந்த இரைச்சல் இரட்டிப்பாகி என்னிடம் வந்தார். 'நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது நச்சு அல்ல, காதுக்கு நேர்ந்த காயம். மேலும், ஒரு காதில் மட்டும் வரும் இரைச்சலைக் காது மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பல நேரம் அழுக்கு அடைப்பாகத்தான் இருக்கும். என்றாலும் கேட்கும் திறன் பரிசோதனை செய்யாமல் அப்படி முடிவுகட்ட முடியாது. கேட்பது திடீரென்று குறைந்தால் அன்றே போங்கள். பரிசோதனை முடியும் வரை காங் இருக்கும் அறைக்குப் போக வேண்டாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பதற்றத்துக்கான மாத்திரைகளில் சிலவற்றை ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்பு வரைகூடப் போகலாம். குறைக்க விரும்பினால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். நெஞ்சு அழுத்தத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லி, ஒரு முறை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

காது சரியென்று தெரிந்த பிறகு, முன்பணம் கேட்காத இடமாகப் பார்த்து, அன்றன்றைக்குக் கட்டணம் கொடுத்து, சுவரோரமாகப் படுத்துக் கேளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் வீட்டில் தினமும் இருபது நிமிடம் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள் என்று காலையில் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.