ஆடுகளுக்குக் குடற்புழு: இந்த மழைக்கு வந்த கேள்விகள்

கே: என் ஆட்டுக்கு எத்தனை மில்லி கொடுக்கணும்?

ப: வெள்ளாடா செம்மறியா, குட்டியா சினையா, எடை எவ்வளவு, என்ன மருந்து? எதையும் எழுதாமல் மில்லி மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? எடை போட்டுவிட்டு எழுதுங்கள்.

கே: கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்குகிறது, கழிச்சல் இல்லை. புழுவா?

ப: பெரும்பாலும் ஆமாம். நான்காம் இரைப்பையில் இருந்து ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற புழு பொதுவாகக் கழிச்சலைக் காட்டாது, ஆட்டை வெளுக்க வைக்கும். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் இன்றைக்கே மருத்துவர். குளக்கரையில் மேய்கிற ஆடு என்றால் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம், புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கே: மாதாமாதம் பட்டி முழுக்க ஆல்பென்டசோல் கொடுக்கிறேன், இப்போது கேட்பதில்லை. டோஸைக் கூட்டலாமா?

ப: கூட்டாதீர்கள். இதைத்தான் கத்திக்கொண்டே இருக்கிறேன். மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றினால் அதைத் தாங்குகிற புழு மட்டும் தப்பும், அதுவே பெருகும், பெண் புழு ஒன்று நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் போடும். கடையில் வேறு பெயர் புட்டி வாங்கி 'மருந்தை மாற்றிவிட்டேன்' என்கிறீர்கள், புட்டியில் எழுதியிருக்கிற மருந்தைப் படியுங்கள், ஃபென்பென்டசோலும் ஆல்பென்டசோலும் ஒரே குடும்பம்தான். செம்மறிக்குக் கிலோவுக்கு 5 முதல் 7.5 மில்லிகிராம் போதுமான ஆல்பென்டசோல் வெள்ளாட்டுக்கு 10 வேண்டும், அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். பாதி டோஸ் கொடுப்பது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதுதான். அதற்காக எல்லா மருந்தையும் கூட்டிவிடாதீர்கள், லெவமிசோல் அளவு மீறினால் விஷம், குளோசன்டெல் மீறினால் ஆடு குருடாகும். மருந்துக்கு முன்னும் பத்துப் பதினாலு நாள் கழித்தும் புழுக்கையைக் கொடுத்துப் புழு முட்டையை எண்ணச் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறையாவிட்டால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தேறாது, எந்தக் குடும்பத்துக்கு மாறுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பட்டியில் பாதிக்கும் மேலான புழு சில ஆடுகளுக்குள்தான் இருக்கும், அதனால் இமை வெளுத்ததற்கு மட்டும் கொடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை வந்த அன்றே பட்டியில் விடாதீர்கள், அடுத்தவர் பட்டியில் மருந்துக்கு அடங்காத புழு அதோடு வரும்.

கே: சினை ஆட்டுக்கு?

ப: முதல் மாதம் ஆல்பென்டசோல் கூடவே கூடாது. ஃபென்பென்டசோல் கொடுக்கலாம். குட்டி போடும் சமயத்தில் எதிர்ப்பு குறைந்து புழுக்கையில் புழு முட்டை ஏறும், அப்போது இமையை அடிக்கடி பாருங்கள்.

கே: புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஐவர்மெக்டின் போட்டும் போகவில்லை.

ப: நாடாப்புழுத் துண்டு. ஐவர்மெக்டின் அதைத் தொடாது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆட்டைக் கொல்வது ஹீமாங்கஸ்தான்.

கே: வேப்பிலை போதுமா?

ப: வெளுத்த ஆட்டுக்குப் போதாது.

கே: ஐப்பசி மழையில் எப்போது மேய்க்க ஓட்டுவது?

ப: புல் காய்ந்த பிறகு. ஈரத்தில் முட்டை பொரிந்து ஒரு வாரத்தில் தொற்றும் குஞ்சாகி புல்லில் ஏறிவிடும், அதிகமும் தரையிலிருந்து நாலு விரலுக்குள். மொட்டையாக மேய்ந்த இடத்துக்கு மறுபடி ஓட்டாதீர்கள். வெள்ளாட்டுக்கு அகத்தி, சூபாபுல் தழையை ஒடித்து உயரத்தில் கட்டிவிடுங்கள்.